காந்தம் ஒட்டாத இரும்பு

வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது ஆலங்காயம். மலைக்கிராமத்து மக்கள் சாமான் வாங்க இறங்கிவரும் ஊர். இப்படிப்பட்ட ஊர்களின் பாத்திரக்கடைகளில் சீர்வரிசைக்கு எவர்சில்வர் எடுக்கும்போது, விவரம் தெரிந்த உறவினர் ஒருவர் கையில் சின்னக் காந்தத்தோடு நிற்பது வழக்கம். தட்டில் காந்தம் ஒட்டினால் சரக்கு மட்டம் என்று ஒதுக்குவார். ஒட்டாவிட்டால் எடைபோடச் சொல்வார். ஒதுக்கிய தட்டு, எடுத்த தட்டு இரண்டிலுமே எடையில் பத்துக்கு ஏழு பங்கோ அதற்கு மேலோ இரும்புதான். ஒரே இரும்பு ஒரு தட்டில் காந்தத்தை இழுக்கிறது, இன்னொன்றில் கண்டுகொள்வதே இல்லை.

அதே சாலையில் மலை ஏறினால் காவலூர். அங்கே காட்டுக்கு நடுவே, சுமார் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1986 ஜனவரி 6 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, விண்மீனின் ஒளியை வாங்கி நிறமாலைமானிக்கு அனுப்புகிறது. அங்கே ஒளி விரிந்து, குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் விழுகின்றன. சூரியனைப் போன்ற விண்மீன்களில் அந்தக் கோடுகளில் பெரும்பகுதி இரும்பு அணுக்கள் போட்டவை. விண்மீனின் இரும்பு ஆவியாக இருக்கிறது. ஒவ்வோர் அணுவும் தனித்தனியே அலைகிறது. தட்டில் உள்ள இரும்பில் அணுக்கள் நெருங்கி அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஆவியில் உள்ள இரும்பு அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். தட்டில் சேர்ந்த பிறகு அந்தக் காந்தத்தன்மை நிலைக்கலாம், குறையலாம், ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு வெளியே தெரியாமலே போகலாம். எலக்ட்ரான்கள் அணுவுக்குள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்பது ஒரு பாதிக் கேள்வி. அணுக்கள் கூடிப் படிகமாகும்போது அந்த அமர்வு என்ன ஆகிறது என்பது மறுபாதி. பள்ளிப் பாடம் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. உலோகங்களின் காந்தத்தன்மையில் உண்மையான வியப்புகள் எல்லாம் இரண்டாம் பாதியில்தான் இருக்கின்றன.

காந்தம் என்ற ஒன்று இருப்பதே பழைய இயற்பியலுக்குக் கட்டுப்படாத சங்கதி. நீல்ஸ் போர் 1911இல் தன் முனைவர் பட்ட ஆய்விலும், ஹென்ட்ரிகா வான் லீவன் 1919இல் தன் ஆய்விலும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: நியூட்டன், மாக்ஸ்வெல் விதிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், வெப்பச் சமநிலையில் உள்ள எந்தப் பொருளிலும் காந்தமாதல் பூஜ்யமாகவே வரும். கையில் காந்தம் இருக்கிறது, கணக்கில் இல்லை. 1925இல் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரண்டு இளைஞர்கள் எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்ற பண்பு உண்டு என்று முன்வைத்த பிறகுதான் வழி திறந்தது. தற்சுழற்சியால் ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் ஒரு காந்தத் திருப்புத்திறன் உண்டு. அதன் அளவு ஏறக்குறைய ஒரு போர் மேக்னெட்டான். உலகில் உள்ள காந்தங்களின் வலிமையெல்லாம் பெரும்பாலும் இந்தச் சில்லறையிலிருந்து சேர்ந்ததுதான்.

அணுவுக்குள் எலக்ட்ரான்கள் ஆர்பிட்டால்களில் அமர்கின்றன. ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்தால் அவற்றின் தற்சுழற்சிகள் எதிரெதிராகத்தான் இருக்க வேண்டும் என்பது பௌலியின் விதி. அந்த ஜோடியின் காந்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே ஜோடி சேராத எலக்ட்ரான்களே கணக்கில் வரும். ஒரே ஆற்றலுள்ள ஆர்பிட்டால்கள் பல இருக்கும்போது எலக்ட்ரான்கள் முதலில் ஒவ்வொன்றிலும் ஒன்றாக, ஒரே திசைச் சுழற்சியோடு நிரம்பும் என்கிறது ஹுண்ட் விதி. காரணம் மின்விலக்கம். ஒரே திசைச் சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருங்காமல் விலகியே இருக்கும். விலகி இருந்தால் விலக்கத்தால் வரும் ஆற்றல் செலவு குறையும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுழற்சிகளை ஒரே பக்கம் திருப்புவது மின்விசைதான். குட்டிக் காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளி இழுக்கும் காந்தவிசை அதைவிட மிக மிகப் பலவீனமானது. காந்தத்தின் வேர் மின்சாரத்தில் இருக்கிறது.

இரும்பு அணுவின் 3டி கூட்டில் ஐந்து ஆர்பிட்டால்களும் 6 எலக்ட்ரான்களும் உள்ளன. ஒரு ஜோடி போக 4 எலக்ட்ரான்கள் தனித்து நிற்கின்றன. கோபால்ட்டில் 3, நிக்கலில் 2. விண்மீனில் அலையும் இரும்பு அணுவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். அணுவின் காந்தத்தன்மை அதன் ஒளியிலும் தெரியும். பீட்டர் ஸீமன் 1896இல் காந்தப்புலத்துக்குள் ஒளியை எழுப்பி, நிறமாலைக் கோடுகள் பிரிவதைக் கண்டார். 1908இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் எல்லரி ஹேல் அதே பிரிவைச் சூரியப் புள்ளிகளில் கண்டு, அங்கே வலிய காந்தப்புலம் இருப்பதை நிறுவினார். இன்றைக்கும் சூரியனின் காந்தப்புலத்தை அளக்க ஆய்வாளர்கள் பெரிதும் நம்பும் கோடுகளில் ஒன்று 630.25 நானோமீட்டரில் விழும் இரும்புக் கோடு. அந்த இரும்பு அணுவின் எலக்ட்ரான் அமைப்பு, சிறிய புலத்துக்கும் கோட்டை நன்றாகவே பிளந்து காட்டுகிறது. காவலூரை ஆய்வகத்துக்காகத் தேர்ந்தெடுத்த வைணு பாப்புவும் விண்மீன்களின் கால்சியக் கோட்டை ஆராய்ந்துதான் பெயர் பெற்றார்.

தனி அணுவின் கதை இவ்வளவு நேராகப் போவதால், உலோகத்துக்கும் அதுவே போதும் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஜோடி சேராத எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் 3டி வரிசையில் காந்தம் மிகப் பலமாக இழுக்க வேண்டியவை குரோமியமும் மாங்கனீஸும்தான். குரோமிய அணுவில் அப்படிப்பட்டவை 6, மாங்கனீஸ் அணுவில் 5. ஆனால் குரோமியக் கட்டியிலும் மாங்கனீஸ் கட்டியிலும் காந்தம் ஒட்டாது. தனி அணுவில் 4 மேக்னெட்டான் தர வேண்டிய இரும்பு, உலோகமான பிறகு அணுவுக்கு 2.2 மட்டும் தருகிறது. கோபால்ட் 1.7. நிக்கல் வெறும் 0.6. எந்த அணுவிலும் 0.6 எலக்ட்ரான் தனித்து உட்கார முடியாது. இந்தப் பின்ன எண்கள் இயற்பியலாளர்களைப் பல ஆண்டுகள் உறங்கவிடவில்லை.

விடை ஆற்றல் பட்டைகளில் இருந்தது. அணுக்கள் நெருங்கும்போது வெளி எலக்ட்ரான்கள் ஓர் அணுவுக்குச் சொந்தம் என்ற நிலை போய்விடுகிறது. கோடிக்கணக்கான அணுக்களின் ஆர்பிட்டால்கள் ஒன்றோடொன்று கலந்து, நெருக்கமான ஆற்றல் நிலைகள் கொண்ட அகலப் பட்டைகளாகின்றன. எலக்ட்ரான்கள் அடியிலிருந்து ஜோடி ஜோடியாக ஃபெர்மி மட்டம் வரை நிரம்புகின்றன. எல்லாம் ஜோடியாக நிரம்பினால் காந்தம் இல்லை. அலுமினியத்தில் நடப்பது ஏறக்குறைய இதுதான். வெளிப்புலம் வந்தால், ஃபெர்மி மட்டத்தின் விளிம்பில் இருக்கும் ஆயிரத்தில் ஒருசில எலக்ட்ரான்களால் மட்டுமே சுழற்சியைத் திருப்ப முடிகிறது. வொல்ஃப்காங் பௌலி 1927இல் விளக்கிய இந்தப் பாராகாந்தத்தன்மை மிகப் பலவீனமானது. வெப்பநிலை மாறினாலும் பெரிதாக மாறாது. செம்பில் 3டி கூடு 10 எலக்ட்ரான்களோடு முழுதும் நிரம்பிவிட்டது. நிரம்பிய கூடுகள் வெளிப்புலத்தை எதிர்க்கும் டயாகாந்தத்தன்மை அங்கே மேலோங்கிவிடுகிறது. செம்பும் வெள்ளியும் தங்கமும் காந்தத்தால் மிக லேசாக விலக்கப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு அது.

அப்படியானால் இரும்பு மட்டும் எப்படித் தப்பியது? 1930களில் இங்கிலாந்தில் எட்மண்ட் ஸ்டோனர் இதற்கு ஒரு நிபந்தனை வகுத்தார். ஒரு திசைச் சுழற்சிப் பட்டையிலிருந்து சில எலக்ட்ரான்களை எடுத்து எதிர்த்திசைப் பட்டைக்கு மாற்றினால், அவை உயர்ந்த ஆற்றல் நிலைகளில் ஏற வேண்டும், அது செலவு. ஒரே திசைச் சுழற்சியால் மின்விலக்கம் குறைவது வரவு. ஃபெர்மி மட்டத்தில் நிலைகள் அடர்த்தியாகக் குவிந்திருந்தால் ஏற வேண்டிய உயரம் குறைவு. செலவைவிட வரவு மிஞ்சும். அப்போது வெளிப்புலம் இல்லாமலே ஒரு பக்கச் சுழற்சி பெரும்பான்மையாகிவிடும். இதுதான் ஃபெர்ரோகாந்தம். 3டி ஆர்பிட்டால்கள் அணுவுக்கு நெருக்கமாக ஒடுங்கியவை. அதனால் பட்டை குறுகலாகவும் நிலைகள் அடர்த்தியாகவும் அமைகின்றன. இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றும் நிபந்தனையைத் தாண்டிவிட்டன. பின்ன எண்களுக்கும் இங்கேயே விடை வந்துவிடுகிறது. 0.6 என்பது ஓர் அணுவின் கணக்கில்லை, பட்டை முழுவதையும் அணுக்களுக்குப் பங்குபோட்ட சராசரி.

பல்லேடியம் இந்தக் கோட்டின் மேலேயே தத்தளிக்கும் உலோகம். அது நிபந்தனையை மயிரிழையில் தவறவிடுகிறது. அதில் சிறிதளவு இரும்பைக் கரைத்தால் போதும். ஒவ்வோர் இரும்பு அணுவும் தன்னைச் சுற்றியுள்ள பல்லேடிய அணுக்களையும் காந்தமாக்கி, சுமார் 10 மேக்னெட்டான் அளவுக்குப் பெருத்துவிடுகிறது.

நிக்கலும் செம்பும் சேரும் கதைக்கு இந்திய நாணயங்களே சாட்சி. பழைய உண்டியல் யார் வீட்டிலாவது இருந்தால் பார்த்துவிடலாம். 1962 முதல் 1974 வரை அச்சான ஒரு ரூபாய் தூய நிக்கல், காந்தம் இழுக்கும். 1975 முதல் 1991 வரை வந்த ஒரு ரூபாய் செம்பு-நிக்கல் கலவை, காந்தம் ஒட்டாது. 1992 முதல் வந்தது குரோமியம் கலந்த ஃபெரிட்டிக் எஃகு, மறுபடி இழுக்கும். நடுவில் வந்த நாணயத்தில் நான்கில் மூன்று பங்கு செம்பு, ஒரு பங்கு நிக்கல். நிக்கலின் 3டி பட்டையில் அணுவுக்கு 0.6 எலக்ட்ரான் அளவுக்கு இடம் காலி. அந்தக் காலியிடம்தான் அதன் காந்தம். செம்பு அணுவுக்கு நிக்கலைவிட ஓர் எலக்ட்ரான் கூடுதல். கலவையில் செம்பு சேரச் சேரக் காலியிடம் நிரம்புகிறது. செம்பு 60 விழுக்காட்டை நெருங்கும்போது காந்தம் மறைந்துவிடுகிறது. மாற்றிய கை அறியாமலே நாட்டின் சில்லறையெல்லாம், எலக்ட்ரான் எண்ணிக்கைக்கு ஏற்பக் கலவையின் காந்தம் மாறுவதைக் காட்டும் ஸ்லேட்டர்-பௌலிங் வளைகோட்டில் ஏறி இறங்கியிருக்கிறது. பட்டை அசையாமல் நிற்க, எலக்ட்ரான்கள் மட்டும் ஊற்றப்படுகின்றன என்ற இந்த விளக்கம் எளிமையானது என்பதைச் சொல்லியாக வேண்டும். கலவைக்குள் ஒவ்வொரு நிக்கல் அணுவுக்கும் பக்கத்தில் எத்தனை நிக்கல், எத்தனை செம்பு என்பதைப் பொறுத்து அதன் காந்தம் மாறுவதைப் பின்னால் வந்த அளவீடுகள் காட்டின.

குரோமியத்தின் கதை வேறு வகை. அதில் அணுக்களின் காந்தம் அழிந்துவிடவில்லை. பக்கத்துப் பக்கத்து அணுக்கள் எதிரெதிர்த் திசையில் திரும்பி ஒன்றையொன்று சமன்செய்துகொள்கின்றன. கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். இது எதிர்ஃபெர்ரோகாந்தம். லூயி நீல் 1930களில் முன்வைத்த இந்தக் கருத்துக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது. குரோமியத்தில் இந்த ஒழுங்கு உடையும் வெப்பநிலை சுமார் 38 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் வேலூரும் வாணியம்பாடியும் சர்வசாதாரணமாகத் தாண்டும் அளவு அது. வீட்டுக் குழாயின் பளபளக்கும் குரோமிய முலாமுக்குள்ளும் இந்த ஒழுங்கு நண்பகலில் கலைந்து இரவில் கூடக்கூடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

இதற்கு நேர்மாறான அதிசயம் 1903இல் ஜெர்மனியில் வெளிவந்தது. ஃப்ரிட்ஸ் ஹாய்ஸ்லர் செம்பு, மாங்கனீஸ், அலுமினியம் மூன்றையும் கலந்தார். மூன்றில் ஒன்றிலும் காந்தம் ஒட்டாது. கலவையைக் காந்தம் இழுத்தது. தூய மாங்கனீஸில் அணுக்கள் மிக நெருங்கி, எதிரெதிராகத் திரும்பிவிடுகின்றன. கலவையில் செம்பும் அலுமினியமும் நடுவில் வந்து மாங்கனீஸ் அணுக்களை விலக்கி வைக்க, அவை ஒரே பக்கம் திரும்பின. காந்தம் ஒரு தனிமத்தின் பிறவிக் குணம் என்ற எண்ணத்தை இந்த ஒரு கலவையே தகர்த்துவிட்டது.

இனி எவர்சில்வர். இரும்பு அணுக்கள் சாதாரண வெப்பநிலையில் அடுக்கப்படுவது பொருள்மையக் கனசதுர முறையில். ஒவ்வோர் அணுவுக்கும் நெருங்கிய அண்டை 8. உலையில் 912 டிகிரியைத் தாண்டினால் அடுக்குமுறை மாறி முகப்புமையக் கனசதுரமாகிறது, அண்டை 12. இந்த இரண்டாம் அடுக்கில் பட்டையின் வடிவமே மாறிவிடுகிறது. ஃபெர்மி மட்டத்தில் குவிந்திருந்த நிலைகள் சிதறுகின்றன, ஸ்டோனர் வரவு குறைகிறது. சாதாரணமாக இந்த இரும்பைக் குளிர வைத்தால் பழைய அடுக்குக்கே திரும்பிவிடும். 18 விழுக்காடு குரோமியத்தோடு 8 விழுக்காடு நிக்கலும் சேர்த்தால் அந்த முகப்புமைய அடுக்கு அறை வெப்பநிலையிலும் நிலைத்துவிடுகிறது. கடைக்காரர்கள் 304 என்று சொல்லும் ரகம் இது. நிக்கல் இல்லாமல் குரோமியம் மட்டும் சேர்ந்த 430 ரகத்தில் பழைய அடுக்கே இருக்கும், காந்தம் ஒட்டும். நிக்கல் தானே ஒரு காந்த உலோகம், அது சேர்ந்ததால் இரும்பின் காந்தம் போய்விட்டது என்பது கேட்பதற்கு முரண்போலத் தோன்றும். நிக்கல் இங்கே வருவது காந்தம் கொடுக்க இல்லை, அடுக்கை மாற்ற.

கையில் காந்தம் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். நல்ல 304 தகட்டிலிருந்து ஆழமாக இழுத்துச் செய்த டம்ளரை எடுத்து, அடியில் காந்தத்தை வைத்தால் நழுவி விழும். அதையே பக்கச் சுவரில் மேலே நகர்த்திக்கொண்டு வந்தால், விளிம்பை நெருங்கும்போது விரலில் ஒரு மெல்லிய இழுப்பு தெரியும். தட்டையான தகட்டை அச்சில் அழுத்தி டம்ளராக்கும்போது உலோகம் அதிகம் நசுங்கி நகர்வது விளிம்புப் பக்கம்தான். அந்தத் திரிபில் அணு அடுக்கு ஆங்காங்கே சரிந்து, மார்ட்டென்சைட் என்ற காந்த அடுக்காக மாறிவிடுகிறது. தனிமங்களின் அளவு துளியும் மாறவில்லை. அணுக்கள் நின்ற விதம் மாறியது, அவ்வளவுதான். விளிம்பில் லேசாக ஒட்டியதற்காக நல்ல டம்ளரைப் போலி என்று ஒதுக்குவது அந்தப் பாத்திரத்துக்குச் செய்யும் அநியாயம்.

காந்தச் சோதனையை நம்பி வாங்கும் குடும்பங்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நிக்கல் விலை கூடியதால் அதில் ஒரு பகுதிக்குப் பதில் மாங்கனீஸும் நைட்ரஜனும் சேர்த்த 200 வரிசை எஃகு சந்தையில் நிறைய புழங்குகிறது. மாங்கனீஸும் நைட்ரஜனும் அதே முகப்புமைய அடுக்கைக் காப்பாற்றும். ஆகவே அதிலும் காந்தம் ஒட்டாது. விலை குறைந்த, துருவை அதே அளவு தாங்காத ரகம் 304 போலவே சோதனையில் தேறிவிடும். மறுபக்கம், காந்தம் ஒட்டும் 430 ரகமும் அசல் எவர்சில்வர்தான். இண்டக்‌ஷன் அடுப்புக்கு அடிப்பாகத்தில் காந்த உலோகம்தான் வேண்டும். காந்தம் சொல்வது அடுக்கைப் பற்றி மட்டும். என்ன தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் மகளுக்குப் பாத்திரம் எடுப்பவர்கள் ரக எண்ணைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குவதே நல்லது.

தமிழ்நாட்டின் எவர்சில்வருக்குச் சேலம் உருக்காலை ஒரு முகவரி. கஞ்சமலை அடிவாரத்தில் ஆலை வர வேண்டும் என்று பல்லாண்டு கோரிக்கை எழுந்ததற்கே மலையில் இருந்த இரும்புத் தாதுதான் காரணம். 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1981இல் இயங்கத் தொடங்கியபோது அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாக வந்தது; மலையின் தாது மலையிலேயே இருந்துவிட்டது. அந்தத் தாது மேக்னடைட். திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கவுத்திமலை, வேடியப்பன்மலையில் இருப்பதும் அதுவே. அங்கே சுரங்கம் தோண்டும் திட்டத்தை ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். மேக்னடைட் உலோகமில்லை, இரும்பு ஆக்சைடு. அதன் படிகத்தில் இரும்பு அயனிகள் இரண்டு வகை இடங்களில் உட்காருகின்றன. மும்மடி மின்சுமை கொண்ட அயனிகள் இரு இடங்களிலும் சமமாகப் பிரிந்து எதிரெதிராக நின்று ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள, இருமடி மின்சுமை கொண்ட அயனியின் 4 மேக்னெட்டான் மிஞ்சுகிறது. இதற்கு ஃபெர்ரி காந்தம் என்று பெயர் வைத்தவரும் நீல்தான். மனிதன் முதலில் கண்ட காந்தக்கல், பாதிக்கு மேல் தன்னைத்தானே எதிர்த்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் வெளியே காட்டுவது.

அண்டை அணுக்கள் எலக்ட்ரான்களை எப்படி ஆட்டிவைக்கின்றன என்பதை உலகுக்கு அளந்து காட்டியவர்களில் ஒருவர் தமிழர். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். 1928இல் சி.வி. ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பில் உழைத்ததற்காக அவரை நினைவுகூர்கிறோம். டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு அவர் எடுத்துக்கொண்ட வேலை படிகங்களின் காந்தத்தன்மை. அவர் முறை எளிமையிலும் அழகானது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சின்னஞ்சிறு படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார். படிகம் தனக்கு உகந்த திசையில் திரும்பி நிற்கும். இழையின் மேல்நுனியை மெல்ல முறுக்கிக்கொண்டே போவார். படிகம் பிடிவாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாய் நகரும். 45 டிகிரியை எட்டும் கணத்தில் பிடி விட்டுப்போய் சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கணம் வரை எத்தனை முறுக்கு ஏற்றினோம் என்பதிலிருந்து, படிகத்தின் காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்பது கணக்காக வந்துவிடும். விலை கூடிய கருவி எதுவும் இல்லை.

1933 முதல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் குகா, பானர்ஜி முதலிய சக ஆய்வாளர்களோடு அவர் வெளியிட்ட தொடர் கட்டுரைகள் அப்போது பிறந்துகொண்டிருந்த ஒரு கோட்பாட்டுக்கு உரைகல்லாயின. உலோக உப்புகளில் டி எலக்ட்ரான்களைச் சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம் அவற்றின் ஆற்றல் நிலைகளைப் பிரிக்கிறது என்று வான் விளெக் முதலியோர் கூறிவந்தார்கள். அப்படியானால் கோபால்ட் உப்புகளில் திசைக்குத் திசை வேறுபாடு பெரிதாக இருக்க வேண்டும். ஐந்து ஆர்பிட்டால்களிலும் ஒவ்வொன்றாகச் சமமாய் நிரம்பிய மாங்கனீஸ் உப்புகளில் ஏறத்தாழ இல்லாமலிருக்க வேண்டும். டாக்காவிலும் பிறகு கொல்கத்தாவிலும் தொங்கிய படிகங்கள் அப்படியே நடந்துகொண்டன. கிராஃபைட்டிலும் அவர் கைவைத்தார். அடுக்குக்குச் செங்குத்தான திசையில் அதன் டயாகாந்தம், அடுக்கின் போக்கில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிது. அடுக்குக்குள் தாராளமாக ஓடும் எலக்ட்ரான்களே அதற்குக் காரணம் என்று அவரும் கங்குலியும் காட்டினார்கள். 1940இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1947இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் என்று கௌரவங்கள் வந்தன. ராமன் விளைவின் நிழலில் இந்தக் காந்த ஆய்வுகள் தமிழ் வாசகர்களுக்குப் போதிய அளவு சொல்லப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது. உலக இயற்பியலில் அவர் பெயரை நிலைநாட்டியதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

அண்டை அணுக்களின் தொல்லை எட்டாத எலக்ட்ரான்களும் உண்டு. அருமண் உலோகங்களில் 4எஃப் கூடு அணுவின் உட்புறம் ஒடுங்கிக் கிடக்கிறது. வெளிக் கூடுகள் அதை மூடிக்கொள்கின்றன. அதனால் உலோகமான பிறகும் தனி அணுவின் கணக்கே ஏறக்குறைய நிற்கும். கதோலினியத்தில் 7 தனித்த 4எஃப் எலக்ட்ரான்கள். உலோகத்தில் அளந்தால் 7.6 மேக்னெட்டான் வருகிறது. ஆனால் இந்தக் கூடுகள் ஒன்றையொன்று தொடாததால் அணுக்களுக்கு இடையேயான பிணைப்பு பலவீனம். ஓடும் எலக்ட்ரான்கள் வழியாகத்தான் சேதி போக வேண்டும். காந்த ஒழுங்கு குலையும் எல்லையான கியூரி வெப்பநிலை கதோலினியத்துக்குச் சுமார் 20 டிகிரிதான். ஏலகிரியில் மார்கழி விடியலில் காந்தம் அதைப் பலமாக இழுக்கும். வெயில் ஏறியதும் அந்த இழுப்பு தளர்ந்துவிடும். இரும்புக்கு அந்த எல்லை 770 டிகிரி. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காந்தம் இழுக்காது என்பதை வில்லியம் கில்பர்ட் 1600இலேயே எழுதிவைத்தார்.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் இரு உலகங்களையும் ஒன்றுசேர்த்தார்கள். நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த அந்தக் காந்தத்தில் வலிமையில் பெரும்பங்கைத் தருவது இரும்பின் 3டி எலக்ட்ரான்கள். அந்த வலிமை திசை மாறிவிடாமல் கட்டிப்பிடிப்பது நியோடிமியத்தின் கோளவடிவம் இல்லாத 4எஃப் எலக்ட்ரான் முகில். கிருஷ்ணன் இழையில் தொங்கவிட்டு அளந்த அதே திசைவேறுபாடு இங்கே தொழிலாகிவிட்டது. மின்ஸ்கூட்டரின் மோட்டாரில் சுழல்வது இந்தக் காந்தம். 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் உலோகங்களுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது இந்திய வாகன ஆலைகள் திண்டாடின. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் நியோடிமியம் கொண்ட மோனசைட் இருக்கிறது. அதில் தோரியமும் இருப்பதால் அது அணுசக்தித் துறையின் பிடியில் உள்ள கனிமம். மண்ணில் இருப்பதற்கும் மோட்டாருக்குள் காந்தமாக வருவதற்கும் இடையே பிரித்தெடுத்தல், உலோகமாக்கல், பொடியாக்கல், காந்தப்புலத்தில் அழுத்திச் சுடுதல் என்று நீண்ட வழி. சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் உள்ள வாகன ஆற்றல் பொருள்கள் மையம் அந்த வழியின் சில படிகளில் உழைத்துவருகிறது.

எலக்ட்ரான் அமைப்பு சரியாக இருந்தாலும் ஓர் இரும்பு ஆணி இன்னோர் ஆணியை இழுப்பதில்லை. பியர் வைஸ் 1907இல் காரணம் சொன்னார். உலோகம் டொமைன்கள் என்ற பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. மலைச்சரிவில் சாமைக் கொல்லைகளை மேலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் உழவுசால் ஒரே போக்கில் ஓடும், பக்கத்துக் கொல்லையில் வேறு போக்கில் ஓடும், டொமைன்களும் அப்படித்தான். ஒன்றுக்குள் எல்லாம் ஒரே திசை, மொத்தமாகக் கூட்டினால் பூஜ்யம். வெளிக் காந்தம் வந்தால் எல்லைகள் நகர்ந்து ஒரு திசைப் பகுதி பெருக்கும். எல்லைகள் தடையின்றி நகர்ந்தால் மின்மாற்றிக்கு ஏற்ற மென்காந்தம், மாட்டிக்கொண்டு நின்றால் நிலைக்காந்தம்.

எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்க இடமில்லை. எலக்ட்ரான்கள் அணுவில் கட்டுண்டவையா, பட்டையில் ஓடுபவையா என்று ஹைசன்பெர்க் வழியினரும் ஸ்டோனர் வழியினரும் நெடுங்காலம் வாதாடினார்கள். இரும்பு இரண்டு பேருக்கும் பாதிப் பாதி சாட்சி சொன்னது. குளிர்ந்த நிலையில் ஸ்டோனர் கணக்கு சரி. அதையே வைத்துக் கியூரி வெப்பநிலையைப் போட்டால் உண்மையைவிடப் பல மடங்கு கூடுதலாக வந்து நிற்கும். 770 டிகிரிக்கு மேலும் அணுக்களில் காந்தம் இருக்கிறது, திசை ஒழுங்குதான் குலைகிறது என்பது பிறகு தெளிந்தது. கணினிக் கணக்குகளும் இரும்பிடம் அடிவாங்கின. 1985இல் அப்போதைய சிறந்த முறையில் கணக்கிட்டபோது, காந்தமில்லாத அடுக்கே இரும்பின் இயல்பு நிலை என்று விடை வந்தது! எலக்ட்ரான்களின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும் வேகத்தையும் கணக்கில் சேர்த்த பிறகுதான் அந்தப் பிழை திருந்தியது. 2024இல் மாங்கனீஸ் டெலுரைடில் நேரடியாகக் காணப்பட்ட ஆல்டர்காந்தம், மொத்தக் காந்தம் பூஜ்யமாக இருந்தும் பட்டைகள் சுழற்சிவாரியாகப் பிரிந்து நிற்கும் புது வகை. பாடநூலின் பட்டியலில் இன்னொரு வரி சேர்க்க வேண்டியிருக்கிறது.

அருமண் இல்லாமல் வலிய காந்தம் செய்ய முடியுமா என்ற தேடலில் ஆய்வாளர்களை விடாமல் இழுப்பது ஒரு விண்கல் கனிமம். டெட்ராடேனைட் என்று பெயர். பாதி இரும்பு, பாதி நிக்கல். வேறு எதுவும் வேண்டியதில்லை. இரும்பு ஓர் அடுக்கு, நிக்கல் ஓர் அடுக்கு என்று மாறி மாறி அணுக்கள் வரிசைகட்டி நிற்பதால், காந்தத்துக்குத் திசைப்பிடிப்பு வந்துவிடுகிறது. சாதாரணமாக உருக்கிக் கலந்தால் இரண்டும் தாறுமாறாகக் கலந்து மென்காந்தமாகத்தான் வரும். அந்த வரிசை சுமார் 320 டிகிரிக்குக் கீழேதான் உருவாகும். அந்தக் குளிரில் அணுக்கள் இடம் மாறும் வேகமோ மிக மிகக் குறைவு. விண்கற்கள் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில டிகிரி என்ற கணக்கில் ஆறியதால் அங்கே அது நடந்தது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரநோபிலில் நீலின் குழுவினர் இரும்பு-நிக்கல் படிகத்தின் மேல் நியூட்ரான்களைப் பாய்ச்சி, அணுக்களை உலுக்கி, அந்த வரிசையைச் சிறிதளவு உண்டாக்கிப் பார்த்தார்கள். 2022இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, சிறிது பாஸ்பரஸ் சேர்த்து வார்த்தாலே சில நொடிகளில் அது உருவாகிறது என்று அறிவித்தது. கிடைத்தது அதே கனிமம்தானா என்ற விவாதம் எழுந்தது.